கொழும்பில் தெரிந்த விரிசல்: அமெரிக்க–பாகிஸ்தான் கூட்டணி, 1954–1972

அமெரிக்க–பாகிஸ்தான் கூட்டணி முதலில் ஆட்டங்கண்டது 1965 போரில்தான் என்பது பொதுவான கருத்து. அப்போரின்போது வொஷிங்டன் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் ஆயுத வழங்கலை நிறுத்தியது. பாகிஸ்தான் அதைத் துரோகமாகவே கொண்டது. ஆனால் விரிசல் அதற்குப் பதினொரு ஆண்டுகள் மூத்தது. பாதுகாப்பு உடன்படிக்கை கைச்சாத்தாகும் முன்பே அது கொழும்பில் வெளிப்பட்டுவிட்டது.

பாகிஸ்தானுக்கு இராணுவ உதவி வழங்கப்படும் என ஐசனோவர் அறிவித்தது 1954 பெப்ரவரி 25இல். உடன்படிக்கை கராச்சியில் ஒப்பமானது மே 19இல். இடையே, ஏப்ரல் 28 தொடங்கி மே 2 வரை, இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய ஐந்து நாடுகளின் பிரதமர்கள் கொழும்பில் கூடினர். முதன்மைப் பொருள் இந்தோசீனா. ஜெனீவா மாநாடும் அதே வாரந்தான் தொடங்கியிருந்தது. அழைத்தவர் இலங்கைப் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலை. கம்யூனிசத்தைக் கண்டிக்கும் தீர்மானம் வேண்டுமென்று அவர் பிடிவாதமாக நின்றார். ஓராண்டுக்கு முன்வரை வொஷிங்டனில் தூதராயிருந்த பாகிஸ்தான் பிரதமர் முகம்மது அலி போக்ராவும் அவர் பக்கமே. நேரு இணங்கவில்லை. கம்யூனிசமோ கம்யூனிச எதிர்ப்போ, வெளியார் தலையீடு எதுவாயினும் தவறு என்ற சமரச வாசகமே கடைசியில் மிஞ்சியது.

ஆனால் போக்ராவின் மனத்தில் இருந்த ஆபத்து காஷ்மீர். புதிய நண்பரான அமெரிக்கா அஞ்சியது மொஸ்கோவுக்கும் பீக்கிங்குக்கும். போக்ரா அஞ்சியது டெல்லிக்கு. செப்டெம்பர் 8இல் மணிலாவில் சீட்டோ என்ற தென்கிழக்காசியப் பாதுகாப்பு ஒப்பந்தம் உருவானபோது இந்த வேறுபாடு எழுத்திலேயே பதிவானது: தன் கடப்பாடு கம்யூனிச ஆக்கிரமிப்புக்கு மட்டுமே பொருந்தும் என அமெரிக்கா தனிக்குறிப்புச் சேர்த்தது. பாகிஸ்தான் அப்படியிருந்தும் ஒப்பமிட்டது. கொழும்பில் கூடிய ஐவரில் சீட்டோவில் சேர்ந்தது அது மட்டுமே. கம்யூனிசத்தை அத்தனை சாடிய கொத்தலாவலைகூட ஒதுங்கிக்கொண்டார். 1947 உடன்படிக்கைப்படி திருகோணமலையிலும் கட்டுநாயக்கவிலும் பிரித்தானியப் படைகள் இருந்தபோது, அவருக்கு இன்னொரு குடை தேவைப்படவில்லை என்றே நான் கருதுகிறேன்.

அந்தக் கட்டுநாயக்க 1957இல் இலங்கையின் கைக்கு வந்தது. 1971இல் இதே கதைக்குள் மீண்டும் நுழைந்தது. லாகூருக்குக் கடத்தப்பட்ட இந்திய விமானம் எரிக்கப்பட்டதையடுத்து, பெப்ரவரி 4இல் இந்தியா தன் வான்வெளியைப் பாகிஸ்தானுக்கு மூடியது. கராச்சியிலிருந்து கிழக்குப் பாகிஸ்தானின் டாக்காவுக்கான பயணம் தீபகற்பத்தைச் சுற்றி இரு மடங்குக்கு மேல் நீண்டது. நடுவழியில் எரிபொருள் கொடுத்தது கட்டுநாயக்க. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு இதற்கு அனுமதி அளித்ததை இந்தியா மீதான பகைமையாகப் படிப்பது மிகை. அவ்வாண்டு ஏப்ரலில் இலங்கையில் எழுந்த கிளர்ச்சியை அடக்க டெல்லியிடமும் இஸ்லாமாபாத்திடமும் ஒருங்கே உதவி பெற்ற அரசு அது.

வொஷிங்டனுக்கோ அவ்வாண்டு பாகிஸ்தான் சீனாவுக்கான வாசலாகவே முக்கியமானது. ஜூலை 9இல் கிசிங்கரை இரகசியமாகப் பீக்கிங் கொண்டுசென்றது பாகிஸ்தான் விமானம். நவம்பரில் எஞ்சிய ஆயுத ஏற்றுமதி உரிமங்களையும் அமெரிக்கா இரத்துச் செய்தது. டிசெம்பரில் மூண்ட இந்திய–பாகிஸ்தான் போரின்போது அமெரிக்காவின் என்டர்பிரைஸ் போர்க்கப்பல் வங்காள விரிகுடாவுக்கு வந்தும் டாக்காவின் சரணாகதி தடைப்படவில்லை. 1972 நவம்பரில் சீட்டோவிலிருந்து விலகுவதாகப் பாகிஸ்தான் அறிவித்தது. 1977இல் அந்த அமைப்பே கலைக்கப்பட்டது.