சொறிமுட்டைப் பாலிப்புகளின் வாழிடங்கள்

சொறிமுட்டைப் பாலிப் என்பது சொறிமுட்டையின் (இழுதுமீன், ஜெல்லிமீன்) வாழ்க்கை வட்டத்தில் ஏதேனும் ஒரு கடினமான பரப்பில் ஒட்டி வாழும் பருவம் ஆகும். இது சில மில்லிமீட்டர் உயரமே உடையது. கடலில் நீந்தும் குடை வடிவ உயிரி மெடுசா எனப்படும். மெடுசாக்கள் திடீரெனப் பெருந்திரளாகத் தோன்றுவது சொறிமுட்டைப் பெருக்கம் எனப்படுகிறது. பல இனங்களில் இப்பெருக்கத்தின் அளவு, பாலிப்புகள் எங்கே, எத்தனை வாழ்கின்றன என்பதைப் பெரிதும் சார்ந்துள்ளது.

வாழ்க்கை வட்டம்

நன்கு ஆராயப்பட்ட இனம் நிலாச் சொறிமுட்டை (ஓரேலியா ஓரிட்டா) ஆகும். இதன் கருவுற்ற முட்டையிலிருந்து பிளானுலா என்னும் நீந்தும் இளவுயிரி தோன்றுகிறது. அது தகுந்த பரப்பில் ஒட்டிக்கொண்டு, வாயைச் சுற்றிப் பற்றிழைகள் கொண்ட பாலிப்பாக மாறுகிறது. பாலிப் மொட்டு விடுதல் மூலம் பாலினக் கலப்பின்றித் தன்னையொத்த பாலிப்புகளை உருவாக்கும். சூழல் பாதகமானால் உறையால் மூடப்பட்ட ஓய்வு முட்டுகளை விட்டுச் செல்லும். இவற்றிலிருந்து பின்னர் புதிய பாலிப்புகள் வெளிவரும்.

நீர் குளிர்ந்த பின் பாலிப்பின் உடல் குறுக்காகப் பிளவுற்று, அடுக்கிய தட்டுகள் போலாகிறது. ஒவ்வொரு தட்டும் எஃபைரா என்னும் இளம் மெடுசாவாகப் பிரிந்து நீந்திச் செல்கிறது. குளிர்காலத்தில் சிறிது சிறிதாகச் சேரும் ஒரு புரதம் இம்மாற்றத்திற்குக் கால அளவியாக இயங்குவதை 2014 இல் வெளியான ஆய்வு காட்டியது. எஃபைராக்களை விடுவித்த பின்னும் பாலிப் உயிர் வாழ்ந்து, அடுத்த பருவத்திலும் அவற்றை உருவாக்க வல்லது. மெடுசா பொதுவாக ஓராண்டிற்குள் இறந்துவிடும்.

நார்வே நாட்டு விலங்கியலாளர் மைக்கேல் சார்ஸ் 1829 இல் இப்பருவங்களைத் தனித்தனி விலங்குகளாகவே விவரித்தார். அவை சொறிமுட்டையின் பருவங்களே என்பதைப் பின்னர் அவரே கண்டறிந்தார்.

இயற்கை வாழிடங்கள்

பாலிப்புகள் பெரும்பாலும் பாறை, மட்டி, சிப்பி ஓடுகள் ஆகியவற்றின் அடிப்பக்கத்தில் காணப்படுகின்றன. அடிப்பக்கத்தில் வண்டல் படிவது குறைவு. பாசிகளின் போட்டியும் குறைவு. சுவீடனின் குல்மார் கடற்கழியில் நடந்த ஆய்வுகளில், ஓடில்லாக் கடல் நத்தை இனம் ஒன்று பாலிப்புகளைத் தின்று அவற்றின் எண்ணிக்கையைக் குறைப்பது அறியப்பட்டது. பாலிப்புகள் மிகச் சிறியவை என்பதாலும், பல இனங்களின் பாலிப்புகள் தோற்றத்தில் ஒத்திருப்பதாலும் அவற்றைக் கடலில் தேடிக் காண்பது கடினம். எனவே மரபணுச் சோதனை மூலம் இனம் அறியப்படுகிறது.

செயற்கை வாழிடங்கள்

அலைதடுப்புச் சுவர்கள், மிதக்கும் படகுத்துறைகள், எரிவளி மேடைகள் போன்றவை மணல் அல்லது சேறு நிறைந்த கடற்பகுதிகளிலும் பாலிப்புகளுக்குப் பிடிப்பிடம் அளிக்கின்றன. 2007 இல் வெளியான ஓர் ஆய்வில் ஐந்து இனங்களின் பிளானுலாக்கள் கண்ணாடி, கற்காரை, நெகிழி ஆகியவற்றிலும் ஒட்டி வளர்ந்தன. ஏட்ரியாட்டிக் கடலின் எரிவளி மேடைகள் நிலாச் சொறிமுட்டைகளின் ஊற்றாக அமையக்கூடும் என 2017 ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. டோக்கியோ விரிகுடாவில் கோடையில் நீரின் ஆக்சிசன் குறையும்போது போட்டியிடும் பிற உயிரினங்கள் அழிகின்றன. அதைத் தாங்கும் பாலிப்புகளுக்கு இடம் கிடைக்கிறது.

பெருக்கமும் விளைவுகளும்

ஒரு பாலிப்பிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட எஃபைராக்கள் தோன்றலாம் என்பதால், சிறிய பாலிப் குடியிருப்பும் பெரும் திரளுக்குக் காரணமாகலாம். 2013 இல் சுவீடனின் ஒஸ்கர்சாம் அணுமின் நிலையத்தில் நிலாச் சொறிமுட்டைகள் குளிர்விப்பு நீர்க்குழாய்களை அடைத்ததால் ஓர் உலை நிறுத்தப்பட்டது. தமிழ்நாட்டின் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் கடல்நீருடன் சொறிமுட்டைகள் புகுவது ஆராயப்பட்டுள்ளது.

எனினும் எல்லாப் பெருக்கத்திற்கும் பாலிப்புகள் காரணமல்ல. 2007 இல் வட அயர்லாந்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வளர்ப்பு சால்மன் மீன்களைக் கொன்ற பெலாஜியா நொக்டிலூக்கா இனத்திற்குப் பாலிப் பருவமே இல்லை. மேலும், உலகளவில் சொறிமுட்டைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 20 ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குவதாக 2013 இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆகவே செயற்கைக் கட்டமைப்புகள் ஒரு காரணி மட்டுமே. உணவு, வெப்பநிலை, மிகைமீன்பிடிப்பு ஆகியனவும் பங்களிக்கின்றன.

கட்டுப்பாடு

வலைகளால் மெடுசாக்களை அகற்றுவது அந்தப் பருவத்திற்கு மட்டுமே பயன் தரும். தென்கொரியாவில் 2010களில் முக்குளிப்போர் அழுத்தமாக நீரைப் பீய்ச்சிப் பாலிப்புகளை அகற்றும் முறை பின்பற்றப்பட்டது. பாலிப்புகள் எளிதில் ஒட்டாத வகையில் துறைமுகக் கட்டமைப்புகளை வடிவமைப்பதும் ஒரு வழியாகும்.