கண்ணாடிக் குழாயிற் குருதியோட்டம்: பொறிமுறை இதய வால்வுகளின் பரிசோதனை வரலாறு

செயற்கை வால்வொன்று மனித உடலிற் பொருத்தப்படுவதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, அதனைப் பரிசோதிக்கும் முறை சிந்திக்கப்பட்டுவிட்டது. 1513 ஆம் ஆண்டளவில் லியனார்டோ டாவின்சி, எருதின் இதயத்துள் மெழுகை வார்த்து, அவ்வச்சின் துணையோடு பெருநாடியின் அடிப்பகுதியைக் கண்ணாடியில் அமைத்து, புல்விதைகள் கலந்த நீரை அதனூடு செலுத்தி அவதானிக்கும் முறையைக் குறித்துவைத்தார். வால்வின் இதழ்களுக்குப் பின்னாலுள்ள குடாக்களில் எழும் சுழிப்பே இதழ்களை மூடத் துணைபுரிகின்றது என்பது அவர் கருத்து. 1960களின் இறுதியில் ஒக்ஸ்போர்டில் பிரையன் பெல்ஹவுஸ் மாதிரியுருக்களைக் கொண்டு நிகழ்த்திய பரிசோதனைகள் அக்கருத்துக்கு வலுவூட்டின.

பொறிமுறை வால்வுகளை ஆக்கியோர் தொடக்கத்தில் எழுப்பிய வினா இத்துணை நுட்பமானதன்று. 1952 இல் சார்ள்ஸ் ஹவ்னேகல், கூட்டினுள் அசையும் பந்தினைக் கொண்ட வால்வொன்றை நோயாளியின் இறங்கு பெருநாடியிற் பொருத்தினார். 1960 இல் சத்திரசிகிச்சை நிபுணரான அல்பேட் ஸ்டார், நீரியற் பொறியியலாளரான லோவல் எட்வேட்ஸ் ஆகிய இருவரின் கூட்டு முயற்சியால் உருவான வால்வு, இதயத்தினுள்ளேயே ஈரிதழ் வால்வின் இடத்திற் பொருத்தப்பட்டது. வால்வினூடு எவ்வளவு குருதி செல்கின்றது, எவ்வளவு பின்னொழுகுகின்றது, அமுக்கம் எவ்வளவு வீழ்கின்றது என்பவை நீர்க்குழாய் அமைப்போன் எழுப்பும் வினாக்களே. அவற்றுக்கு விடை காணத் துடிப்போட்டப் பொறி பயன்பட்டது. இடது இதயவறையைப் போலத் துடிக்கும் பம்பி, நாடிச்சுவரின் மீள்தன்மைக்கு ஈடான காற்றறை, ஓட்டத்துக்குத் தடைதரும் குறுகல் ஆகியவற்றை உடையது அது. பாகுநிலையில் குருதியை ஒத்திருக்கும் பொருட்டு நீருடன் கிளிசரின் கலக்கப்பட்டது. நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இதயத்தில் வால்வொன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடி 68 இலட்சம் முறை திறந்து மூட வேண்டியிருத்தலின், தேய்வுப் பரிசோதனை விரைவுபடுத்தப்பட்ட வேறு பொறிகளில் நிகழ்ந்தது.

ஆயினும் கிளிசரின் கலந்த நீர் குருதியன்று. ஆரம்பகாலப் பந்துகள் சில, குருதியிலுள்ள கொழுப்பை உறிஞ்சி வீங்கின, வெடித்தன. கொழுப்பே இல்லாத திரவத்தில் எத்தனை கோடி முறை மோதவிட்டாலும் வெளிப்படாத குறை இது. பந்து செய்யப்பட்ட சிலிக்கோன் இறப்பரைப் பதப்படுத்தும் முறையை மாற்றியே அது நீக்கப்பட்டது.

ஓட்டம் எவ்வளவு என்பதினும் அது எத்தகையது என்பதே முக்கியம் என்ற உணர்வு 1970களில் வலுப்பெற்றது. கொய்வுத் தகைப்பு மிகுமிடத்தில் செங்குருதிக் கலங்கள் சிதைகின்றன, சிறுதட்டுக்கள் தூண்டப்படுகின்றன. ஓட்டம் தேங்குமிடத்திலோ குருதி உறைகின்றது. திரவத்தினுள் எதனையும் நுழைக்காது, அதில் மிதக்கும் நுண்துணிக்கைகள் சிதறும் இலேசர் ஒளியின் மீடிறன் மாற்றத்தைக் கொண்டு வேகத்தை அளக்கும் முறை இதற்கு வாய்ப்பளித்தது. கலிபோர்னியா தொழினுட்ப நிறுவகத்தில் 1978 இல் கலாநிதிப் பட்டம் பெற்று, பின்னர் ஜோர்ஜியா தொழினுட்ப நிறுவகத்திற் பணியாற்றிய அஜித் யோகநாதன் இத்துறையில் முதன்மையானவருள் ஒருவர்.

ஓட்டத்தைச் சீராக்குவதே பாதுகாப்பு என்று கொள்ளவும் இயலாது. சாய்தட்டு வகையைச் சேர்ந்த பியோர்க்–ஷைலி வால்வில், தேக்கத்தைக் குறைக்கும் நோக்குடன் 1970களின் பிற்பகுதியில் தட்டின் வடிவம் மாற்றப்பட்டது. ஓட்டம் மேம்பட்டது, ஆனால் தட்டு மூடும்போது ஏற்பட்ட சுமையினால் அதனைத் தாங்கிய உலோகக் கம்பி சிலரிடத்து முறிந்தது. ஏறத்தாழ 86,000 பேருக்குப் பொருத்தப்பட்ட நிலையில், 1986 இல் அது விற்பனையிலிருந்து மீட்கப்பட்டது. கம்பி முறிந்தோருட் பலர் உயிரிழந்தனர்.

1990களில் ஐரோப்பாவில் நோயாளரிடத்துச் சோதிக்கப்பட்ட மெட்ரோனிக் பரலல் என்னும் ஈரிதழ்த் தட்டு வால்வின் கதை இன்னும் கூர்மையானது. அதன் நடு வாயிலூடான ஓட்டம் குறை சொல்லத்தக்கதாயிருக்கவில்லை. குருதிக்கட்டிகள் தோன்றியது, இதழ்கள் சுழலும் பிணைச்சற் குழிகளிலேயாம். ஒளிபுகாத வளையத்தினுள் மறைந்திருந்த அக்குழிகளுள் ஓட்டத்தை அளக்க வழியிருக்கவில்லை. சோதனை நிறுத்தப்பட்ட பின்னரே யோகநாதன் குழுவினர் அவ்வளையத்தை ஒளிபுகும் பொருளில் வார்த்து, இலேசர்க் கதிரைக் குழியினுட் செலுத்தினர். வால்வு திறந்திருக்கையில் அங்கே மெதுவாகச் சுழலும் தேக்கமும், மூடியிருக்கையில் இடுக்குகளூடு விரைந்து பீறிடும் ஒழுக்கும் புலப்பட்டன. அதன் பின்னர் புதிய ஈரிதழ்த் தட்டு வால்வுகளின் பிணைச்சற் குழிகளும் ஒளிபுகும் மாதிரியுருக்களில் அளந்து ஆராயப்படலாயின.