வடலூர்த் தருமச்சாலையின் தொடக்கம்

வடலூர் என்றவுடன் பலருடைய நினைவிற்கு வருவது சத்திய ஞானசபையேயாம். ஆயின் அச்சபை எழுந்தது 1872ஆம் ஆண்டிலே. அதற்கு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் முன்னரே அவ்வூரில் அடுப்பு மூட்டப்பட்டுவிட்டது. சோறு முந்தியது, சபை பிந்தியது. இராமலிங்க சுவாமிகளின் வரலாற்றை ஆராய்வோர் இம்முறையினை மறத்தலாகாது.

சென்னையை விட்டு 1858ஆம் ஆண்டளவிற் புறப்பட்ட சுவாமிகள், தென்னார்க்காட்டுக் கருங்குழியில் ஒன்பது ஆண்டுகள் உறைந்தனர். அக்காலத்தின் இறுதியில், 1866ஆம் ஆண்டிலே, ஒரிசாவைப் பாழ்படுத்திய பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தின் வடபகுதியையும் தாக்கியது. பசித்தோர்க்கு உணவளித்தலை அறங்களுள் ஒன்றாகவன்றி, ஏனையவற்றிற்கெல்லாம் அடிப்படையாகவே சுவாமிகள் கொண்டனர்.

சாலைக்கு நிலம் ஈந்தவர் அரசருமல்லர், ஜமீன்தாருமல்லர். வடலூராகிய பார்வதிபுரத்துக் குடிகள் 40 பேர், ஏறக்குறைய 80 காணி நிலத்தை 1867 பெப்ரவரியிற் பத்திரம் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தனர். அவ்வாண்டு வைகாசி 11ஆம் நாள், அஃதாவது மே 23ஆந் தேதி, சாலை தொடங்கப்பெற்றது. கட்டடமோ மண்சுவரும் கூரைவேய்வுமே. சுவாமிகள் எழுதிய 'ஜீவகாருணிய ஒழுக்கம்' அன்று அங்கே படிக்கப்பட்டது.

அன்னசத்திரங்கள் தமிழ்நாட்டிற்குப் புதியன அல்ல. தஞ்சை மராத்திய மன்னர் நிறுவியவை செல்வ வளம் மிக்கவை. எனினும் சத்திரங்கள் பலவற்றில், உண்பவர் யாவர், எக்குலத்தவர் என்னும் வினா இலைக்கு முன்னரே எழுந்து நின்றது. வடலூர்ச் சாலையோ அவ்வினாவையே விலக்கிற்று. நாடு, சமயம், சாதி, ஒழுக்கம் என்பவற்றுள் ஒன்றையும் உசாவாது, பசி ஒன்றையே தகுதியாகக் கொண்டது. அதன் பெருமை சோற்றின் அளவிலன்று, இவ்விதியிலேயே உள்ளது.

அடுப்பு 21 அடி நீளமும், அகலத்திலும் ஆழத்திலும் இரண்டரை அடியும் உடையது. மண்குடிசைக்கு இத்துணைப் பெரிய அடுப்பு எதற்கு என நகைத்தோரும் இருந்திருக்கலாம். ஒருநாள் அரிசி தீர்ந்துபோக, பணிசெய்வோர் கலங்கினரென்றும், மறுநாள் வண்டிகளில் அரிசி வந்திறங்கியதென்றும் அன்பர் கூறுவர். அதனை அற்புதமென்று கொள்வாரும் கொள்க. அன்றன்று வருவதை நம்பியே அச்சாலை நடந்ததென்பது அக்கதையால் நன்கு புலனாகும். 1867இல் மூட்டிய அவ்வடுப்பு இன்றும் அணையாது காக்கப்படுகின்றது.

சுவாமிகள் 1874இல் மறைந்தனர். இரண்டாண்டு கழிந்ததும் தென்னிந்தியாவைத் தாது வருடப் பஞ்சம் சூழ்ந்தது. யாழ்ப்பாணத்தையும் அந்நாளில் உணவுப் பஞ்சம் வருத்த, 1877இல் ஏழைகட்குக் கஞ்சித்தொட்டி அமைத்து உணவளித்தவர் ஆறுமுக நாவலர். அருட்பாவைக் குறித்துச் சுவாமிகளுடன் 1869இல் மஞ்சகுப்பம் நீதிமன்றுவரை வழக்காடிய அதே நாவலரே அவர்.