கொடைமடமும் கொடைப்பயனும்: மருத்துவர் கிறீனின் தமிழ்த்தொண்டு

பழனியை அடுத்துள்ள ஆயக்குடி, வையாவிக் கோப்பெரும் பேகன் ஆண்ட மலைநாட்டைச் சார்ந்தது. மயிலுக்குப் போர்வை ஈந்த அவ்வள்ளலின் இயல்பைப் புறநானூறு கொடைமடம் எனப் போற்றும். மயில் அதனை உடுத்தாது, போர்த்தாது என அறிந்தும் கொடுத்தமையே அக்கொடையின் சிறப்பு. ஆயின், பொருளன்றிக் கல்வியும் கலைத்திறனும் கொடையாகுங்கால், பெறுவோர் அதனைத் தமதாக்கிக் கொள்ள இயலுமோ என்னும் வினா எழுகின்றது. கிறித்தவத் தொண்டு வரலாற்றினின்றும் ஒரு சான்று கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

கிறித்தவ மரபில் ஒருவரது தனித்திறன் இறைவன் அளித்த வரமாகக் கருதப்பெறும். வரங்கள் பலவாயினும் அவை பொதுநன்மைக்கே உரியன என்பது பவுலடியார் கொரிந்தியர்க்கு வரைந்த முதல் திருமுகத்தின் கருத்தாகும். ஆயக்குடிக்கு அணித்தேயுள்ள ஒட்டன்சத்திரத்தில் மருத்துவர் ஏ. கே. தாரியன் 1955-இல் தொடங்கிய மருத்துவமனை இக்கருத்தின் அண்மைக்கால வடிவம். இதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, மருத்துவத்தோடு தமிழையும் பிணைத்த தொண்டு ஒன்று யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. திண்டுக்கல் வட்டாரத்திலும் பணிபுரிந்த அமெரிக்க மதுரை மிஷன், 1834-இல் யாழ்ப்பாண மிஷனிலிருந்து கிளைத்ததே என்பது ஈண்டு நினைக்கத்தகும்.

அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்தில் 1822-இல் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847-இல் யாழ்ப்பாணம் அடைந்தார். அடுத்த ஆண்டிலேயே மானிப்பாயில் மருத்துவப் பணியோடு மருத்துவக் கல்வியையும் தொடங்கினார். முதலில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். இடையில் தாயகம் சென்று 1862-இல் மீண்ட அவர், 1864 முதல் பயிற்றுமொழியைத் தமிழாக மாற்றினார்.

இம்மாற்றமே நமது ஆய்வின் மையம். ஆங்கிலம் பயின்றார்க்கு அரசாங்க உத்தியோகம் எளிதிற் கிட்டிய காலம் அது. தமிழில் மட்டும் பயின்றார்க்கு அவ்வாயில் குறுகியதே. ஆயினும், ஆங்கிலம் கற்ற மருத்துவர் உத்தியோகம் நாடி அயலூர் செல்வர், தமிழில் கற்றவரோ தம் ஊரிலேயே தங்கி மக்கட்கு உதவுவர் என்று கிறீன் கருதினார். தமது மருத்துவப் புலமை ஊர்மக்களைச் சென்றடைய வேண்டுமாயின், அது முதற்கண் அவர்தம் மொழியை அடைதல் வேண்டும் என அவர் தெளிந்தார் எனலாம். கிறித்தவராவோர் தமிழர்க்குரிய நடையுடைகளைக் கைவிடுதல் வேண்டா என்னும் அவரது கொள்கையும் இதனோடு ஒத்ததே.

இத்தெளிவின் பயனாக எழுந்த நூல்கள் பல. 1857-இல் ‘பிரசவ வைத்தியம்’, 1867-இல் ‘இரண வைத்தியம்’, 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’, 1875-இல் ‘கெமிஸ்தம்’ என்பன வெளிவந்தன. மாணவர் துணையின்றி இப்பணி முற்றுப்பெற்றிராது. 1873-இல் தாயகம் திரும்பிய பின்னரும், 1884-இல் மறையுமளவும் அவர் தமிழ் நூற்பணியைக் கைவிட்டிலர்.

இந்நூற்பெயர்களை நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. ‘அங்காதிபாதம்’ வடமொழித் தொடர். ‘கெமிஸ்தம்’ ஆங்கிலச் சொல்லின் திரிபு. இவை எளிய ஊர்மக்கட்கு விளங்குமோ என வினவலாம். இக்குறை உண்மையே. எனினும், நவீன மருத்துவத்திற்குத் தமிழில் கலைச்சொற்கள் வகுக்கப்பெறாத காலத்தில் கிடைத்த கல்லைக் கொண்டு எழுப்பிய கட்டடம் இதுவென்பதை மறத்தலாகாது. மேலும், இந்நூல்கள் முதன்மையாக மருத்துவ மாணவர்க்கென எழுந்தவை. அவர் வாயிலாகவே மக்களை அடைய வேண்டியவை.

கிறீனிடம் பயின்று மருத்துவரானோர் 60-க்கு மேற்பட்டவர். ஆயினும் அவருக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைபெறவில்லை. மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நூல்களோ ஆய்வாளர் மட்டுமே தேடும் பொருளாயின. கொடுத்தவர் தம் கடனை ஆற்றினார். பெற்ற தமிழுலகம் அக்கொடையை வளர்த்ததா என்பதே எஞ்சும் வினா.

பேகன் அளித்த போர்வை மயிலுக்குப் பயன்படாதெனினும் அவன் புகழ் குன்றவில்லை. அது அருளின் மிகுதி. கிறீன் அளித்ததோ, பெறுவோர் அளவறிந்து தைக்கப்பெற்ற ஆடை. அதனை உடுத்தாது பேழையில் வைத்தமை கொடையின் குற்றமன்று. கலைச்சொல் ஆய்வில் ஈடுபடும் நம் மாணவர் இந்நூல்களை மீண்டும் எடுத்து ஆராய்தல் வேண்டும்.