இரும்புக்கை மாயாவியின் விசுவாசிகள்

பிரிட்டனில் 1962இல் 'வேலியன்ட்' என்ற சிறுவர் வாரப் பத்திரிகையில் இரும்புக்கை மனிதனின் கதை தொடங்கியது. ஓவியர் ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோ. 1976இல் பத்திரிகை நின்றது. அந்த நாட்டுப் பையன்களில் பெரும்பாலானோர் அவனை மறந்துபோனார்கள். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் அவனை 'இரும்புக்கை மாயாவி' ஆக்கிக் கொண்டுவந்தது. பிறந்த வீட்டில் மறக்கப்பட்டவன் புகுந்த வீட்டில் அரை நூற்றாண்டாக வாழ்கிறான் என்றால், அந்த விசுவாசத்தைப் பிரதியின் தரத்தை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது.

'சின்ன வயசுல படிச்சது, அதான்' என்பது வழக்கமான பதில். பாதிதான் சரி. தலைமுறைகள் பற்றி 1928இல் எழுதிய கட்டுரையில் கார்ல் மன்ஹைம் இரண்டு விஷயங்களைச் சொல்கிறார். இளமையில் படியும் அனுபவங்களே உலகம் பற்றிய இயல்பான பார்வையாக உறைகின்றன. பின்னால் வருபவை அதை ஒட்டியோ வெட்டியோதான் பொருள் பெறுகின்றன. இது முதலாவது. ஒரே ஆண்டில் பிறந்ததனாலேயே எல்லோரும் ஒரே தலைமுறை ஆகிவிடுவதில்லை என்பது இரண்டாவது. நம் காமிக்ஸ் ரசிகர்கள் முதலாவதை எப்போதும் சொல்வார்கள். இரண்டாவதைச் சொல்லிக் கேட்டதில்லை.

நான் வளர்ந்த பாகாயத்தை எடுத்துக்கொள்கிறேன். எழுபதுகளில் அங்கே ஒரே வயதுப் பையன்கள் மூன்று வெவ்வேறு மாய உலகங்களில் இருந்தோம். மருத்துவக் கல்லூரி வளாகத்துக்குள் இருந்த பிள்ளைகளுக்கு டின்டின், ஆஸ்டரிக்ஸ். எண்பதுகளில் வீடியோ கேசட் வந்தபோது 'ஸ்டார் வார்ஸ்'. ஆம்பூரிலிருந்து வந்து என்னோடு கல்லூரியில் படித்த உருது பேசும் நண்பனுக்குத் தாத்தா சொன்ன அமீர் ஹம்ஸா கதைகளும், எதைப் போட்டாலும் கொள்ளும் பையோடு அலையும் அய்யாரும், கொஞ்சம் வளர்ந்தபின் இப்னே ஸஃபியின் துப்பறியும் நாவல்களும். வளாகச் சுவருக்கு வெளியே இருந்த எங்களுக்கு அம்புலிமாமாவின் வேதாளம், அதன்பின் மாயாவி. ஒருவன் நாயகனை இன்னொருவனுக்குத் தெரியாது. இவர்களை ஒரே தலைமுறை என்று எப்படிச் சொல்வது?

எங்களுக்கு மாயாவி ஏன் ஒட்டிக்கொண்டான் என்பதற்கு வளர்ப்புச் சூழலைத்தான் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூட உதவியாளன் ஒருவன் கையை இழக்கிறான். இரும்புக் கை பொருத்துகிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கை மட்டும் தெரிகிறது. லண்டன் பையனுக்கு இது விஞ்ஞானக் கற்பனை. எங்கள் தெருவிலோ டேனரியில் ஷேவிங் மிஷினுக்கு விரலைக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். நாற்பதுகளின் கடைசியிலிருந்து பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திய ஊர் வேலூர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவம் பார்த்த மேரி வர்கீஸின் முயற்சியில் 1966இல் மறுவாழ்வு நிலையம் வந்தது பாகாயத்தில். போன கைக்குப் பதில் ஒரு கை என்பது எங்களுக்குக் கண்முன்னே நடந்துகொண்டிருந்த காரியம். இழந்தவனே பலசாலி ஆகிறான் என்ற கதையாடலை அந்த ஊர்ப் பையன் வேறு மாதிரிதான் வாசிப்பான்.

பெயரும் ஒரு காரணம். 'மாயாவி' என்றதுமே அவன் பாட்டி கதைகளின் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டான். விஞ்ஞானம் மந்திரமாக மொழிபெயர்க்கப்பட்டது. ஆகவே விசுவாசம் பிளாஸ்கோவின் கோடுகளுக்கு எவ்வளவோ, அவ்வளவுக்கு அந்தத் தமிழுக்கும்தான்.

புத்தகம் கைக்கு வந்த வழியையும் விட்டுவிடக் கூடாது. வாங்கக் காசு ஏது? வாடகைக் கடை, பழைய பேப்பர் கடை, இரவல். அந்தக் கடைகளில் பெண் பிள்ளைகளை நான் பார்த்ததில்லை. நான் கொண்டுவருவதை அக்கா ராத்திரியோடு ராத்திரியாகப் படித்து முடிப்பாள். பிறகு ஷூ கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். இப்போது கேட்டால், "மாயாவி மூஞ்சியெல்லாம் ஞாபகம் இல்லடா. விடிஞ்சா திருப்பிக் குடுக்கணுமேன்னு இருந்த பதற்றந்தான் ஞாபகம் இருக்கு" என்கிறாள். அதே வீடு, அதே புத்தகம், இரண்டு வயது வித்தியாசம். நான் விசுவாசி ஆனேன், அவள் ஆகவில்லை. விசுவாசத்துக்கு வயது மட்டும் போதாது. திரும்பத் திரும்பப் படிக்கவும், சேர்த்து வைக்கவும், அதைப் பற்றிக் கூட்டமாக உட்கார்ந்து பேசவும் ஓய்வும் உரிமையும் வேண்டும். நம் ரசிகர் கூட்டம் ஏறக்குறைய முழுக்க ஆண்களாக இருப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இந்தக் கூட்டத்தின் சாதனையைக் குறைத்துச் சொல்லவில்லை. 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் இடையில் தடுமாறி, 2012இல் நூறு ரூபாய் சிறப்பிதழோடு திரும்பி வந்தபோது தாங்கிப் பிடித்தது முன்னாள் சிறுவர்கள்தான். சம்பளம் வாங்கும், சந்தா கட்ட முடிகிற முன்னாள் சிறுவர்கள். ஆனால் அதே 1984இல் தொடங்கி, பெட்டிக்கடைகளில் மலிவாகத் தொங்கிய ராணி காமிக்ஸ் 2005இல் நின்றுவிட்டது. 2007இல் சுட்டி டிவி வந்தது. பாகாயத்தில் அப்போது பத்து வயதில் இருந்தவனின் விசுவாசம் தமிழ் பேசிய ஜாக்கி சானுக்குப் போனது. அவனைப் பார்த்து "படிக்கிற பழக்கமே இல்ல" என்று என் வயதுக்காரர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு வாடகைக் கடை எதுவோ, அதுதான் அவனுக்கு அந்தத் தொலைக்காட்சி: காசில்லாதவன் வீட்டுக்கும் தமிழில் வந்த மாயம்.

தன் பத்து வயதைப் பொற்காலமாகக் கட்டமைத்துக்கொள்ளும் ஒவ்வொரு தலைமுறையும், அடுத்தவன் பத்து வயதை வறட்சி என்று தீர்ப்பளிக்கும் அதிகாரத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. மாயாவியை நாங்கள் காப்பாற்றிவிட்டோம், சரி. ஆனால் நாங்கள் எந்த விலையில், எந்த வழியாக அவனைக் கண்டடைந்தோமோ, அந்த விலையும் வழியும் ஒரு டேனரித் தொழிலாளியின் மகளுக்கு இன்று எங்கே இருக்கின்றன? மறுபதிப்புப் பட்டியல் போடுகிறவர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி இது.