புறாவின் பள்ளத்தாக்கு

ஊர்ப் பெயர் என்பது ஏட்டில் எழுதப்படாத வரலாறு. அயர்லாந்தின் வடமேற்கே, டோனகால் மாவட்டத்தின் கடலோரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் கிளென்கொலம்கில் என்னும் சிற்றூர் இதற்குச் சான்று பகர்கின்றது.

ஐரிஷ் மொழியில் 'கிளான்' என்பது பள்ளத்தாக்கு. 'கொலம்' என்பது புறா. 'கில்' என்பது கோவில். துறவியின் சிற்றறையைக் குறித்த இலத்தீன் சொல்லே 'கில்' என மருவிற்று. 'திருச்சபையின் புறா' என்று அழைக்கப்பெற்றவர் புனித கொலும்பா. 563-இல் தாயகம் துறந்து, ஸ்காட்லாந்தின் அயோனா தீவில் மடம் நிறுவி, 597-இல் அங்கேயே இறையடி சேர்ந்தவர். இப்பள்ளத்தாக்கில் அவர் வாழ்ந்தார் என்பது வழிவழி வந்த மரபு. அண்டை ஊர்களின் பெயர்களும் பொருள் பொதிந்தவையே: 'கேரிக்' என்றால் பாறை, 'கேஷல்' என்றால் கற்கோட்டை.

1824-இல் ஆங்கிலேய அரசு வரி விதிப்பதற்காக நில அளவையைத் தொடங்கியது. ஜான் ஒடொனவன் என்னும் அறிஞர் 1835-இல் டோனகாலெங்கும் சுற்றி, முதியோரிடம் மூலப் பெயர்களைக் கேட்டறிந்தார். ஆயினும் வரைபடத்தில் ஏறியவை ஆங்கில வடிவங்களே. கோவிலைக் குறிக்கும் சொல்லும், காட்டைக் குறிக்கும் 'கொய்ல்' என்னும் சொல்லும் பல இடங்களில் ஒன்றுபோலவே 'கில்' என்றாயின. அங்கே நின்றது ஆலயமா, அடவியா? வரைபடம் விடை சொல்லாது.

வரைபடம் மறந்ததை மக்களின் கால்கள் மறக்கவில்லை. புனிதரின் திருநாளான ஜூன் 9 அன்று, சிலுவை பொறித்த பழங்கற்கள் உள்ளிட்ட 15 நிலைகளை வெறுங்காலோடு சுற்றிவந்து செபிப்பது அவ்வூர் வழக்கம். 'டுரஸ்', அதாவது பயணம், என்பது அதன் பெயர்.

ஆனால் நடப்பதற்கு மக்கள் வேண்டுமே! பிழைப்பைத் தேடி இளையோர் கடல் கடந்தனர். 1951-இல் அங்கே பணியேற்ற அருள்தந்தை ஜேம்ஸ் மக்டயர் இதனைக் கண்டு நொந்தார், நொந்ததோடு நின்றுவிடவில்லை. கூட்டுறவுத் தொழில்களைத் தொடங்கினார். 1967-இல், முன்னோர் வாழ்ந்த கூரை வீடுகளைக் காட்டும் நாட்டுப்புறக் காட்சியகத்தை மக்களோடு சேர்ந்து எழுப்பினார்.

2004-ஆம் ஆண்டின் அரசாணை, ஐரிஷ் பேசும் பகுதிகளில் ஐரிஷ் பெயர்களுக்கே சட்ட மதிப்பு அளித்தது. நன்றே. எனினும் பலகையில் எழுதிய பெயரைப் படிப்பதற்கு வழிப்போக்கரே போதும். அதைச் சொல்லி ஒருவரையொருவர் அழைப்பதற்கு அவ்வூரில் அடுப்பெரிய வேண்டும். மக்டயர் காக்க முயன்றது அந்த அடுப்பையே. பெயரின் உயிரும் அங்கேதான் இருக்கின்றது.