தீப்பெட்டிக்குள் பொன்வண்டு: கேம் ஸ்டுடியோக்களும் சொந்த நிலமும்

தமிழ்நாட்டுக் கிராமங்களில், ஜவ்வாது மலை அடிவாரம் உட்பட, மழை பெய்து காடு பசுத்தால் பிள்ளைகள் பொன்வண்டு தேடிப் போவார்கள். காலித் தீப்பெட்டியில் இலையோடு அடைத்து, முட்டையிட்டதா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்ப்பார்கள். யாருடைய வண்டு பெரிது என்று போட்டி நடக்கும், பண்டமாற்றும் நடக்கும். 1970களில் தோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் ஒரு சிறுவன் இதே வேலையாகத் திரிந்தான். கூட்டாளிகள் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் பூச்சி டாக்டர். அவன்தான் பின்னாளில் போக்கிமானை உருவாக்கிய சதோஷி தஜிரி.

தஜிரியின் கேம் ஃப்ரீக் 1983இல் ஸ்டுடியோவாகத் தொடங்கவில்லை. கையால் எழுதி, நகலெடுத்து, பின் அடித்து விற்ற ஒரு சிற்றிதழாகத்தான் தொடங்கியது. அதைப் படித்துவிட்டுத் தேடி வந்த ஓவியர் கென் சுகிமோரி, பின்னர் தொடர்ந்து உடனிருந்தார். 1989இல் இதழ் நிறுவனமானது. முதல் விளையாட்டான குவின்டியை நாம்கோ வெளியிட்டது. இரண்டு கேம்பாய் கருவிகளை இணைக்கும் கம்பியைப் பார்த்தபோது, அதன் வழியே பூச்சிகள் ஊர்ந்து போவதாகத் தஜிரிக்குத் தோன்றியது. அந்தக் கற்பனை விளையாட்டாக 6 ஆண்டுகள் பிடித்தன. இடையில் பணமுடை. நிண்டெண்டோவின் மாரியோவையும் யோஷியையும் வைத்து விளையாட்டுகள் செய்துகொடுத்துப் பிழைத்தார்கள். 1996 பிப்ரவரி 27 அன்று போக்கிமான் ஜப்பானியக் கடைகளுக்கு வந்தது.

என் பார்வையில் இந்த வரலாற்றின் முக்கியமான பகுதி அந்த 6 ஆண்டுகள்தான். பிறருக்கு உழைத்து வந்த வருமானம் சொந்தக் கனவுக்குச் சோறு போட்டது. எல்லா நிறுவனங்களுக்கும் இது வாய்க்கவில்லை. 1979இல் கியோத்தோவில் தொடங்கிய தோசே ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகளில் வேலை செய்திருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றில் அதன் பெயரே இருக்காது.

இந்தியா நெடுங்காலம் நடந்தது தோசேயின் வழியில். ராஜேஷ் ராவ் 1997இல் பெங்களூரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் இத்துறையின் முன்னோடி. அயல்நாட்டு நிறுவனங்களின் விளையாட்டுகளுக்குக் கார்களையும் கட்டடங்களையும் கதைமாந்தரையும் வரைந்து கொடுத்து நூற்றுக்கணக்கானோருக்குத் தொழில் கற்றுத்தந்தது. 2016இல் அதை சுவீடனின் ஸ்டார்பிரீஸ் வாங்கியது. 2019இல் ராக்ஸ்டார் கேம்ஸ் நிறுவனத்துக்கு விற்றது. 22 ஆண்டுகள் தொழிலில் இருந்தும், துருவாவின் பெயரைச் சொன்னதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நினைவு வரும்படி ஒரு விளையாட்டு இல்லை. திறமையில் குறைவில்லை. வரைந்த படத்தின் உரிமையும், அதில் வரும் கதையும் வேறொருவருடையவையாக இருந்தன.

தமிழில் திருப்பம் நேர்ந்தது தமிழ்நாட்டுக்கு வெளியே, கனடாவின் டொரொன்டோவில். சிறுவயதில் தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்த அபி, தன் ஸ்டுடியோவுக்கு விசை என்று பெயர் வைத்தார். விசை என்றால் உந்துசக்தி. விசைப்பலகையின் விசையும் அதுதான். 2023 ஜூலை 31 அன்று அவர்கள் வெளியிட்ட விளையாட்டின் பெயர் வெண்பா. 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்த் தம்பதியின் கதை அது: மனைவி வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின். யாப்பின் பெயர் கொண்டவளுக்குப் புலவன் என்ற பெயரில் ஒரு கணவன். தமிழ் அறிந்தவருக்கு உடனே புலப்படும் பொருத்தம் இது.

இதில் சண்டை கிடையாது. அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்துச் சமைப்பதே புதிர். இட்லித் தட்டை எந்த வாகில் அடுக்குவது, புட்டுக் குழலில் எதை எப்போது இடுவது என்று ஆடுபவர் யோசிக்க வேண்டும். நம் அடுக்களையில் யாரும் பாடமாகச் சொல்லித்தராமல் கை பழகிய அறிவு, இங்கே விளையாட்டின் விதியாகிறது. பிற்பகுதியில் கவின் தனியே அடுப்படியில் நிற்கிறான். அம்மாவின் மொழி அவனிடமிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது. புலம்பெயர்ந்த குடும்பங்களில் பலரும் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் துயரம் அது. அதை ஆடுபவரின் கையாலேயே உணரவைப்பது நாவலாலும் சினிமாவாலும் ஆகாத காரியம்.

ஆடி முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும். சிறிய குழுவின் இச்சிறிய படைப்பு 2024இல் சுதந்திர விளையாட்டு விழாவான ஐஜிஎஃப்பின் தலைமைப் பரிசையும், சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதையும் பெற்றது.

மச்சிதாவின் வண்டும் டொரொன்டோவின் இட்லிச் சட்டியும் காட்டும் வழி ஒன்றுதான். இரண்டு ஸ்டுடியோக்களும் தங்களுக்குத் தெரிந்ததையே செய்தன. செய்ததில் தம் பெயரைப் பதித்தன.

இந்த வழி நம் ஊரிலும் திறந்திருக்கிறது. ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடி மக்களின் பிள்ளைகளுக்குச் சாமைக் கொல்லையும் பலாவும் தேனடையும் தெரியும். அதே மலையின் காவலூரில் 1986 முதல் வானைப் பார்க்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி, இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்யப்பட்டது. மலைக்குக் கீழே வேலூரிலும் திருவண்ணாமலையிலும் கணினிக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே அடுத்த இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் ஒருமுறை மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூருக்கு ஏறிப் போகட்டும். அங்குள்ள பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு விளையாட்டு செய்யட்டும். அதன் பெயரும் உரிமையும் அந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே இருக்கட்டும்.